கோபத்துக்கு மடை வெட்டுவது

கற்பூர டப்பாவில் நாலு மிளகு போட்டு வைப்பது நம் வீடுகளில் பழைய பழக்கம். உண்மையில் மிளகைவிட இறுக்கமான மூடிதான் அதிகம் உதவும். மூடி தளர்ந்திருந்தால் கட்டி தானாகத் தேய்ந்துபோகும். உருகுவதில்லை, ஒழுகுவதில்லை, திடப்பொருள் நேராக ஆவியாகிவிடுகிறது. பள்ளிப் பாடத்தில் இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். மனம் செய்யும் ஒரு வேலைக்கும் ஐரோப்பிய மொழிகளில் இதே சொல்தான். நீட்சே மனித இச்சைகளைப் பற்றிப் பேச அதை எடுத்தாண்டார். சிக்மண்ட் ஃபிராய்டு 1905-இல் பாலியல் பற்றி எழுதிய கட்டுரைகளில் அதைத் தன் கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தார். நேரடியாக வெளிப்பட்டால் கேடு செய்யக்கூடிய ஓர் உந்துதல், தனக்கும் பிறருக்கும் பயன் தரும் வேறொரு வேலையாக உருமாறுவதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது.

தமிழில் சிலர் உன்னதமாக்கல் என்கிறார்கள், சிலர் மடைமாற்றம் என்கிறார்கள். இரண்டாவதே மேல். உன்னதமாக்கல் என்றதும் ஏதோ முனிவர்கள் செய்யும் காரியம் போலத் தோன்றிவிடுகிறது. கற்பூர உவமையிலும் அதே சிக்கல்தான், சாம்பல்கூட மிஞ்சாமல் கோபம் கரைந்துவிடும் என்று நம்ப வைக்கிறது. மடை என்றால் மண்வெட்டி எடுத்து யாராவது வெட்ட வேண்டும், தண்ணீர் போய்ச் சேர ஒரு வயல் வேண்டும், வெட்டிய பிறகும் வாய்க்காலைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். நடைமுறையில் இது அந்த மாதிரி வேலைதான்.

ஃபிராய்டின் மகள் அன்னா, மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளை 1936-இல் தொகுத்தபோது இதைக் கடைசியாக வைத்தார். மற்றவை போலன்றி இது நோயைவிட இயல்பான மனநிலையோடு சேர்ந்தது என்பது அவர் கணிப்பு. ஹார்வர்டில் 1938-இல் தொடங்கி, மொத்தம் 268 மாணவர்களைச் சேர்த்து அவர்கள் முதுமை வரை தொடர்ந்த ஆய்வைப் பற்றி மனநல மருத்துவர் ஜார்ஜ் வேலன்ட் 1977-இல் ஒரு நூல் எழுதினார். அதில் தற்காப்பு வழிகளை நான்கு படிகளாகப் பிரித்து, மேல்படியில் ஐந்தை வைத்தார். மடைமாற்றம், நகைச்சுவை, பிறருக்கு உதவுதல், வரப்போவதை முன்கூட்டி எண்ணித் தயாராதல், உணர்ச்சியை அறிந்தே ஒத்திவைத்தல் ஆகியவை அவை. வரலாறு இவ்வளவு போதும்.

பாலத்தில் ஒரு காலை

ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. இரவு 7 மணிக்கு ஏறி காலை 7 மணிக்கு இறங்கும் ஷிஃப்டு. யாரோ ஒட்டிய தவறான லேபிளுக்காக, பத்துப் பேர் பார்க்க, லைன் லீடர் ஒரு தொழிலாளியைப் பிடித்துக் கத்திவிடுகிறார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கார்டைத் தட்டிவிட்டு மோட்டாரை எடுத்து, 13.5 கிலோமீட்டர் பாலத்தைக் கடந்து எதிர்க்கரையில் உள்ள பிறைக்கு வருகிறார். வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை மைலோவைத் தரையில் கொட்டிவிடுகிறது.

இந்த இடத்தில் மனத்துக்கு ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. பிள்ளையின் முதுகில் ஒன்று வைப்பது முதல் வழி, அதுவே மிக எளியது. லீடர் மேல் போக முடியாத கை, திருப்பி அடிக்க முடியாத இடத்தில் போய் விழுகிறது. இதற்கு இடப்பெயர்ச்சி என்று பெயர். இலக்கு மட்டும் மாறியது, செயல் மாறவில்லை. மனைவி "என்னாங்க, முகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்று கேட்க, "ஒன்னுமில்ல" என்று படுத்துக்கொள்வது இன்னொரு வழி. அதிலும் இரண்டு வகை உண்டு. கோபம் இருப்பதே தனக்குத் தெரியாமல் போவது ஒன்று. "இப்போது தூங்கணும், சாயங்காலம் யோசிப்போம்" என்று தெரிந்தே தள்ளிவைப்பது மற்றொன்று. வேலன்ட் மேல்படியில் வைத்தது இரண்டாவதை மட்டுமே. அடுத்த நாள் அதே லீடருக்குத் தேவைக்கு மேல் குழைந்து குழைந்து காப்பி வாங்கிக் கொடுப்பதும் ஒரு தற்காப்புதான், உள்ளே இருப்பதற்கு நேர் எதிரான நடிப்பு. நண்பனைக் கூப்பிட்டு ஒரு மணிநேரம் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது கொட்டித் தீர்த்தல்.

மடைமாற்றத்தில் இலக்கும் மாறும், செயலும் மாறும், முடிவில் கையில் ஏதாவது மிஞ்சும். இந்த மூன்றில் எது குறைந்தாலும் அது மேலே சொன்ன வேறொன்றாகிவிடும். வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால்தான் இத்தனை குழப்பம்.

குத்துப்பை ஏன் உதவாது

"கோபமா இருந்தா ஜிம்முக்குப் போய் நல்லா குத்திட்டு வா" என்பது நம்மிடையே அதிகம் புழங்கும் அறிவுரை. அது தப்பான அறிவுரை. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட சோதனையில் 600 கல்லூரி மாணவர்களை முதலில் சினமூட்டினார்கள். ஒவ்வொருவரும் எழுதிய கட்டுரையை வேறொருவர் மட்டம் தட்டியதாகக் காட்டினார்கள். பிறகு ஒரு பகுதியினர் தம்மைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினார்கள். இன்னொரு பகுதியினர் உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டு குத்தினார்கள். மீதிப் பேர் எதுவும் செய்யாமல் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சீண்டியவரை நினைத்துக் குத்தியவர்களே கடைசியில் அதிகக் கோபத்தோடு இருந்தார்கள், வாய்ப்புக் கிடைத்தபோது அதிக வன்மத்தையும் காட்டினார்கள். சும்மா இருந்தவர்களிடம்தான் வன்மம் குறைவாக இருந்தது.

காரணம் எளிது. மனத்துக்குள் கோபம் நிரம்பும் தொட்டி என்று ஒன்று கிடையாது, திறந்துவிட்டால் காலியாக. ஃபிராய்டு காலத்து நீராவி எஞ்சின் கற்பனை அது, நம் மடை உவமையும் அந்த அளவில் பொய்தான். கோபம் என்பது உடலின் முறுக்கும் மனத்தில் ஓடும் கதையும் சேர்ந்தது. லீடரின் முகத்தை நினைத்துக்கொண்டு குத்தினால் கதைக்கு ஒத்திகை நடக்கிறது, இதயத் துடிப்பும் ஏறுகிறது. இரண்டும் வளர்கின்றன. 150-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2024-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றும் இதையே சொன்னது. மூச்சுப் பயிற்சி, தியானம், யோகா போல உடல் முறுக்கைத் தணிப்பவை கோபத்தைக் குறைத்தன. முறுக்கை ஏற்றும் செயல்கள் ஒட்டுமொத்தமாக உதவவில்லை, தனியாக ஓடுவது சிலருக்குக் கோபத்தைக் கூட்டவும் செய்தது. பந்து விளையாட்டுகள் மட்டும் விதிவிலக்காக உதவின. ஆட்டத்தில் பந்தைப் பார்க்க வேண்டும், கூட்டாளியைப் பார்க்க வேண்டும், கதையை ஓட்டிக்கொண்டிருக்க நேரமில்லை என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. கடும் உடற்பயிற்சிக்குப் பிறகு முறுக்கு உடனே இறங்குவதில்லை, கொஞ்ச நேரம் மிச்சம் நிற்கும். அந்த இடைவெளியில் யாராவது சீண்டினால், பயிற்சியால் வந்த படபடப்பையும் சேர்த்துக் கோபமாக மூளை எடுத்துக்கொள்கிறது. டால்ஃப் ஸில்மன் 1970-களில் விளக்கியது இது. ஃபுட்சால் ஆடிவிட்டு வியர்வை காயாமலே வீட்டுக்கு வந்து, சம்பளக் கணக்கு பேசி, சண்டையில் முடிவதற்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஆட்டம் முடிந்து குளித்து, அரை மணி கழித்துப் பேசுவது நல்லது.

தைப்பூசத்துக்குப் பினாங்கில் ரதம் வரும் வழியெங்கும் தேங்காய் உடைப்பதைப் பார்த்தவர்கள் கேட்கலாம், அது மட்டும் என்ன என்று. நேர்த்திக்கடன் என்ற முறையில் அதற்கு வேறு பொருள் உண்டு, அதில் தலையிட ஒன்றுமில்லை. மனத்தளவில் பார்த்தால், குவித்து வைத்து உடைக்கும் அந்தச் சில நிமிடங்களைவிட அதற்கு முந்திய வாரங்களே அதிகம் செய்கின்றன. காவடி எடுப்பவரிடம் இது இன்னும் தெளிவு. 48 நாள் விரதம், சைவச் சாப்பாடு, தரையில் படுக்கை, பேச்சில் கட்டுப்பாடு, பிறகு எல்லார் முன்னிலையிலும் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகள், மேலே போனதும் இறக்கிவைப்பது. காலவரையறை, விதி, சாட்சி, முடிவு என்று நான்கும் உள்ள ஏற்பாடு அது. விரதத்தை ஒரு வாரமாகச் சுருக்கி, காவடியை மட்டும் பெரிதாக்கினால் மிஞ்சுவது அந்த ஒரு நாள் ஆவேசம்தான்.

பெயர் வைப்பதில்தான் பாதி வேலை

மீண்டும் பிறைக்கு வருவோம். அந்தத் தொழிலாளி "எனக்குக் கோபம்" என்பார். கொஞ்சம் நின்று பார்த்தால் அது கோபம் மட்டுமல்ல. பத்துப் பேர் பார்க்க என்பதுதான் குத்துகிறது, அது அவமானம். திருப்பிச் சொல்ல முடியவில்லையே என்பது ஆற்றாமை. தவறான லேபிளை ஒட்டியவன் மேல் இருப்பது கடுப்பு. தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் இருப்பது பெரிய வசதி. ஆத்திரம், எரிச்சல், வன்மம், பொறாமை, ஏக்கம், மனத்தாங்கல் என்று வரிசை நீளும். உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போதே மூளையில் அச்சத்தையும் சினத்தையும் கிளப்பும் பகுதியின் துடிப்பு குறைவதை மேத்யூ லீபர்மனும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் படம்பிடித்துக் காட்டினார்கள்.

பெயர் சரியாக விழுந்தால்தான் வேலையும் சரியாக அமையும். ஆத்திரம் கை காலை அசைக்கத் துடிக்கிறது, அதற்குப் பெரிய அசைவு உள்ள வேலை வேண்டும். அவமானம் கேட்பது வேறு. தனக்கும் ஒரு திறமை உண்டு என்பது நாலு பேர் கண்ணில் பட வேண்டும் அதற்கு. ஆற்றாமை, கட்டுக்குள் அடங்கும் ஏதோ ஒன்றைக் கேட்கிறது. கலைந்து கிடக்கும் பெட்டியை ஒழுங்குபடுத்துவது, புள்ளி வைத்துக் கோலம் போடுவது, பழுதான மின்விசிறியைக் கழற்றி மாட்டுவது இதற்குப் பொருந்தும். பொறாமைக்குப் பாட்டும் கோலமும் பொதுவாகச் சரிவராது. எவரைப் பார்த்து எரிகிறதோ அவரிடம் இருக்கும் திறமையில் ஒரு சிறு துண்டைக் கற்க உட்கார்வதுதான் அதற்கு வயல். அவமானப்பட்டவரைத் தனியே ஓடவிட்டால் ஓடி முடித்த பிறகும் அவமானம் அப்படியே இருக்கும். பலர் "எனக்கு எதுவும் ஒத்துவரல" என்று கைவிடுவதற்குக் காரணம் இந்தப் பொருத்தக் குறைவுதான்.

உடனே ஆரம்பிக்கவும் கூடாது. முறுக்கு இறங்க உடலுக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அதுவரை கையில் கத்தி, ஊசி, சூடான எண்ணெய் எதுவும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். தொழிற்சாலை வாகன நிறுத்தத்திலேயே ஐந்து நிமிடம் நின்று, நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும் வரை விட்டால், நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். வெளிவிடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் இதில் சூட்சுமம், இதயத் துடிப்பை இறக்குவது அதுதான். பாலத்தில் ஏறுவதற்கு முன் முப்பது மூச்சு விட்டால் போதும்.

ஒரு கிலோ மாவு

பொருத்தமான வேலைக்கு ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். இரவு ஷிஃப்டுக்காரருக்கு, பரோட்டா போல விசிறிச் சுடும் ரொட்டி சானாய் மாவு அபாரமாகப் பொருந்தும். காரணம், அதன் நேரக்கணக்கு அவருடைய நேரக்கணக்கோடு ஒட்டிப்போகிறது.

ஒரு கிலோ கோதுமை மாவு, ஆட்டா அல்ல, கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை மாவு. 15 கிராம் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பால், 50 கிராம் மார்ஜரின், 500 முதல் 550 மில்லி தண்ணீர். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் கடைசி 50 மில்லியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிசைந்து சேர்ந்ததும் 10 முதல் 12 நிமிடம் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, மடித்து, திருப்பித் தள்ள வேண்டும். மூடி அரை மணி வைக்க வேண்டும். மீண்டும் இரண்டு நிமிடம் பிசைந்து, 90 கிராம் உருண்டைகளாகப் பிடித்தால் ஏறக்குறைய 18 வரும். ஒவ்வொன்றுக்கும் மேலே தாராளமாக மார்ஜரின் தடவி, மூடி, குறைந்தது நாலு மணிநேரம் விட வேண்டும். காலை 8 மணிக்குப் பிசைந்து 9 மணிக்குப் படுத்தால், மதியம் நாலு மணிக்கு ஆள் எழும்போது மாவும் தயார். பள்ளி விட்ட பிள்ளைகளுக்குத் தேநீர் நேரம்.

இதில் கோபம் எங்கே வருகிறது? பிசைவதில் வருகிறது. ஆனால் மாவு, குத்துப்பை போலச் சும்மா வாங்கிக்கொள்ளாது. ஆத்திரத்தில் இழுத்து இழுத்துப் பிசைந்து, ஓய்வு கொடுக்காமல் உடனே விசிறப் பார்த்தால், இறுகிப்போன மாவு சுருங்கிக்கொண்டே இருக்கும், அல்லது நடுவில் கிழியும். அதைக் கெஞ்சவும் முடியாது, மிரட்டவும் முடியாது. விடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஓய்வெடுத்த உருண்டையை உள்ளங்கையால் தட்டி, ஓரத்தைப் பிடித்து வீசினால் அடுத்த பக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிதாக விரியும். எதிர்ப்பும் உண்டு, விதியும் உண்டு, தவறினால் உடனே தெரியும், சரியாக வந்தால் நாலு பேர் பார்ப்பார்கள். அவமானத்துக்கு இந்தக் கடைசிப் பகுதிதான் மருந்து. மைலோ கொட்டிய அதே பிள்ளை வாயைப் பிளந்து பார்க்கும்.

எச்சரிக்கை ஒன்று. பிசையும்போது லீடரின் முகம் மனத்தில் ஓடினால் மாவும் குத்துப்பைதான். எண்ணிக்கை வைத்துக்கொள்வது எளிய தடுப்பு, நூறு தள்ளல், பத்துக்கு ஒரு திருப்பல். எண்ணுகிற மனத்தால் கதையையும் சேர்த்து ஓட்ட முடியாது.

உடல் அசைவே வேண்டும் என்பவர்களுக்குச் சிலம்பம். நெற்றி மட்டத்துக்கு, சராசரி ஆளுக்கு ஐந்தரை அடி, பிரம்புக் கம்பு. அடுக்குமாடி நடைபாதையில் சுற்ற முடியாது, சுற்றிலும் நாலைந்து மீட்டர் வெட்டவெளி வேண்டும், பூப்பந்துத் திடல் தாராளமாகப் போதும். முதல் சில வாரங்கள் ஆசான்கள் கம்பைச் சுழற்றவிடாமல் காலடியை மட்டும் போட வைப்பார்கள். கோபத்தோடு வரும் இளைஞருக்கு அது எரிச்சலாக இருக்கும், ஆனால் அந்த எரிச்சலைத் தாங்கப் பழகுவதுதான் அங்கே கிடைக்கும் பெரிய பாடம். சினத்தில் கம்பை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், சுழற்சி முறிந்து கம்பு தன் முழங்காலிலேயே விழும். பிடி தளர்ந்தால்தான் வேகம் வரும். வேறெந்த உபதேசத்தையும்விட அந்த ஒரு அடி வேகமாகக் கற்றுக்கொடுக்கும். உறுமி மேளக் குழுக்களிலும் இதே வேலை நடக்கிறது, அங்கே கூடுதலாக மற்றவர்களின் தாளத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒருவர் மட்டும் தன் ஆவேசத்தில் முந்தினால் மொத்தக் குழுவும் குலையும்.

எழுத்து தனி வகை. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் தொடங்கிய முறைப்படி, தொடர்ந்து நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம், நடந்ததையும் அது தனக்கு என்ன செய்தது என்பதையும் நிறுத்தாமல் எழுத வேண்டும். எழுத்துப்பிழை, அழகு எதையும் பார்க்கக் கூடாது. எழுதி முடித்த உடனே மனம் லேசாவதில்லை, ஒரு மணிநேரம் வரை கனமாகத்தான் இருக்கும். அதனால் படுக்கப் போகும் முன் வேண்டாம். முதல் நாளும் நாலாம் நாளும் எழுதியது ஒரே மாதிரி இருந்தால் அது கொட்டல் மட்டுமே. "ஏனென்றால்", "இப்போது புரிகிறது" போன்ற சொற்கள் மூன்றாம் நாளில் தலைகாட்டினால் வாய்க்காலில் தண்ணீர் ஏறிவிட்டது என்று பொருள்.

காமத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிராய்டு முதலில் பேசியதே அதைத்தான். நம்மிடமும் விந்தைக் காத்தால் அறிவும் பலமும் கூடும் என்ற நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. உடலியலில் அதற்கு ஆதாரமில்லை. உடல் விந்தைத் தொடர்ந்து உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது, சேர்த்து வைத்து மூளைக்கு அனுப்பும் குழாய் எதுவும் கிடையாது. பதின்ம வயதுப் பையன்களை இந்தப் பயத்தில் வளர்ப்பது குற்றவுணர்ச்சியைத்தான் பெருக்கும். ஈர்ப்பின் பரபரப்பைக் கவிதையாகவோ ஆட்டமாகவோ ஆக்குவது வேறு, ஈர்ப்பே பாவம் என்பது வேறு. வளர்ந்த பண்பாடும் இதில் பேசுகிறது. 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், கோபத்தை அடக்க நேர்ந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களின் படைப்புகள் கூடுதல் கற்பனை கொண்டவையாக மதிப்பிடப்பட்டன. கத்தோலிக்கரிடமும் யூதரிடமும் அந்த விளைவு தென்படவில்லை. எல்லா மனமும் ஒரே மாதிரி மடை மாறுவதில்லை.

வாய்க்கால் உடையும் இடங்கள்

மிக அதிகம் நடக்கும் பிசகு, பரபரப்பையே மடைமாற்றம் என்று நினைத்துக்கொள்வது. துக்கம் வந்ததும் ஓவர்டைம் ஓவர்டைமாக ஏறி, "வேலைல மறந்துட்டேன்" என்பவர்கள் பலர். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. அந்த வேலையை இரண்டு நாள் நிறுத்தினால் என்ன ஆகிறது? கொஞ்சம் வெறுமை என்றால் சரி. நடுக்கம், தூக்கமின்மை, யாரைப் பார்த்தாலும் எரிச்சல் என்றால் அது ஓட்டம், மடைமாற்றம் அல்ல.

இரண்டாவது, செயலே தண்டனையாக மாறுவது. கை கொப்புளித்த பிறகும் கம்பு சுற்றுவது, கோலத்தில் ஒரு கோடு தவறினால் மொத்தத்தையும் அழித்து மூன்றாம் முறை போடுவது. தன்மேல் திரும்பிய சினம் அது. வேலையைத் தொடங்கும் முன்பே நேரத்தை முடிவு செய்துகொண்டால், 45 நிமிடம் என்றால் 45 நிமிடம், இது கட்டுக்குள் நிற்கும். பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் செய்யும் பிசகு இதன் தம்பி. பையன் முரட்டுத்தனமாக இருக்கிறான் என்று சிலம்பத்தில் சேர்த்துவிட்டு, மூன்றாம் மாதமே பதக்கம் எங்கே என்று கேட்பார்கள். மடை வெட்டிய இடத்தில் அணை கட்டுகிற வேலை.

எந்தப் பொழுதுபோக்கும் போதாத நிலைகளும் உண்டு. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம், வீட்டில் யார் மேலாவது கை நீள்வது, குடித்தால்தான் அடங்குகிறது என்ற நிலை, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமின்மை ஆகியவை அந்த வகை. அப்போது மாவு பிசையச் சொல்வது கேலிக்கூத்து. மலேசிய சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. வீட்டு வன்முறைக்கு 15999. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். அங்கேயே மன அழுத்தத்துக்கான கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி, தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு எழுதிக்கொடுப்பார்கள்.

இனி, உளவியல் கட்டுரைகள் வழக்கமாக விட்டுவிடும் விஷயம். லேபிள் ஒட்டியது அவர் அல்ல. திட்டு வாங்கியது அவர். அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, முழுவதையும் ரொட்டியில் கரைத்துவிட்டால் லாபம் தொழிற்சாலைக்குத்தான். மடைமாற்றம் கவனித்துக்கொள்வது உடலின் முறுக்கையும் இரவுத் தூக்கத்தையும். காரணத்தை அது தொடுவதே இல்லை. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணிநேரம்தான் சாதாரண வேலை, ஓவர்டைம் மாதத்துக்கு 104 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது. இதில் மீறல் இருந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். எல்லார் முன்னிலையிலும் கத்துவதைப் பற்றி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுக்கலாம், தொழிற்சங்கம் இருந்தால் அதன் வழியே போகலாம். தணிந்த மனம் இங்கேதான் கைகொடுக்கும். கோபத்தில் எழுதிய புகாரில் வசவுதான் அதிகம் இருக்கும், தேதி இருக்காது.

ஆகவே இரண்டு நோட்டு வைத்துக்கொள்வது வசதி. ஒன்றில் நாலு நாள் எழுத்து. அதில் லீடரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், எழுதி முடித்துக் கிழித்தும் போடலாம். மற்றதில் தேதி, மணி, எந்த லாட், யார் யார் அருகில் இருந்தார்கள், சொன்ன வார்த்தை சொன்னபடி, மலாய் என்றால் மலாயிலேயே. வேறு எதுவும் அதில் வரக் கூடாது. சம்பவம் நடந்த அன்றே எழுதினால்தான் மதிப்பு, தூங்கி எழுந்ததும் பத்து நிமிடம் போதும். ஓவர்டைம் சீட்டுகளையும் சம்பளச் சீட்டுகளையும் அந்த நோட்டிலேயே செருகி வைக்கலாம்.